சாவா மூவாப் பேராடு முதல் வங்கி வைப்பு வரை – ஆலய நிதியைக் காத்த வரலாறு

திருவிழாக் காலத்தில் ஆலயத்திற்கு வரும் பக்தர் ஒருவர் உண்டியலில் ஒரு வெள்ளியை இடுகின்றார். மற்றொருவர் மறைந்த தம் தந்தையாரின் நினைவாக ஆண்டுதோறும் ஒரு நாள் உபயம் நடைபெற வேண்டுமென விழைந்து, ஆயிரம் வெள்ளியை நிருவாகத்தாரிடம் ஒப்படைக்கின்றார். இரண்டும் இறைவனுக்கு ஈந்த பொருளே. எனினும் இரண்டும் ஒன்றல்ல. உண்டியல் காசு எண்ணெய்க்கும் பூவுக்கும் மின்கட்டணத்திற்கும் அர்ச்சகர் சம்பளத்திற்கும் செலவாகி, அந்த மாதத்தோடு கணக்கு முடிந்து விடுகின்றது. உபயதாரர் கொடுத்த ஆயிரமோ ஒரு வாக்குறுதியைச் சுமந்து நிற்கின்றது. கொடுத்தவர் காலமான பின்னரும், வாங்கிய நிருவாகத்தார் மாறிய பின்னரும், அவ்வாக்குறுதி நிறைவேற்றப்பட வேண்டும். முதல் அழியாமல் பலன் மட்டும் விளைந்துகொண்டே இருத்தல் வேண்டும். இதனை நம் முன்னோர் எவ்வாறு செய்தனர், எங்கே வென்றனர், எங்கே இழந்தனர் என்பது நம் சமயத்தாரால் அதிகம் பேசப்படாத வரலாறாகும்.

தஞ்சைக் கல்வெட்டுகள் காட்டும் நெறி

தஞ்சைப் பெரிய கோயிலை முதலாம் இராசராச சோழன் 1010-ஆம் ஆண்டளவில் நிறைவு செய்தான் என்பதை அறிவோம். அக்கோயிலின் விமானத்தையும் நந்தியையும் வியந்து பார்த்துத் திரும்புவோர் பலர். அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாகப் பொறிக்கப்பட்டுள்ளவற்றுள் பெரும்பகுதி கணக்கேடு என்பதை உணர்வோர் சிலரே. இன்னார் இவ்வளவு கொடுத்தார், அது இன்ன ஊர்ச் சபையாரிடம் இருக்கின்றது, அவர்கள் ஆண்டுதோறும் இவ்வளவு தர வேண்டும் என்னும் செய்திகள் அங்கே எவரும் படிக்கும்படி கல்லில் வெட்டப்பட்டுள்ளன.

மன்னனும், அவன் தமக்கையார் குந்தவையாரும், அரசியரும், அதிகாரிகளும் திருமேனிகளை எழுந்தருளுவித்ததோடு அமையவில்லை. அத்திருமேனிகளுக்கு நாள்தோறும் அமுது படைக்கவும் விளக்கேற்றவும் திருவிழா நடத்தவும் காசுகளை முதலாக வைத்தனர். அந்தக் காசு கோயிற் பெட்டியில் பூட்டி வைக்கப்படவில்லை. சோழ நாட்டு ஊர்ச் சபைகளிடம் கடனாகக் கொடுக்கப்பட்டது. சபையார் அதனைத் தம் ஊர்த் தேவைகளுக்குப் பயன்படுத்திக்கொண்டு, கோயிலுக்குப் ‘பொலிசை’ எனப்பட்ட வட்டியைச் செலுத்தினர். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு என்பது பல கல்வெட்டுகளில் காணப்படும் வீதம். இன்றைய கணக்கில் இது 12½ விழுக்காடு. கடன் பெற்றது தனி மனிதர் அல்லர், ஒரு ஊர். ஒருவர் இறந்தாலும் ஊர் இருக்கும். கோயிலின் பணம் ஒரே இடத்தில் குவியாமல் பல ஊர்களில் பிரிந்து கிடந்ததால், ஒரு ஊரில் வெள்ளாமை பொய்த்தாலும் கோயிலின் அடுப்பு அணையாது.

இன்னொன்று மேலும் நுட்பமானது. சில முதல்களுக்கு வட்டி காசாகக் கேட்கப்படவில்லை, நெல்லாகவே கேட்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 3 குறுணி நெல் என்று அளவு குறிக்கப்பட்டு, கோயிலுக்குரிய ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. கோயிலுக்குத் தேவை நெல். ஆகவே வட்டியும் நெல். நெல்லின் விலை ஏறினாலும் இறங்கினாலும் மடைப்பள்ளிக்கு வரும் அளவு மாறாது. இன்றைய பொருளியலார் பணவீக்கத்திற்கு எதிரான காப்பு என்று கூறுவதை, அப்பெயர் அறியாமலே அக்காலத்தார் செய்து வைத்தனர்.

நந்தா விளக்குகளுக்குச் செய்த ஏற்பாட்டில் இந்நுட்பம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் இடையர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கன்றும் குட்டியும் ஈன்று மந்தை பெருகும். இறந்தவற்றுக்கு ஈடாகப் புதியவை சேரும். ஆகவே கணக்கில் அந்த 96 என்றும் 96-ஆகவே நிற்கும். இதனால்தான் கல்வெட்டுகள் இவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று அழைத்தன. ஆடு சாகும், மூப்பெய்தும். ஆனால் முதல் சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. அறக்கட்டளை நிதி என்பதற்கு இதனினும் சுருக்கமான விளக்கத்தை எந்த நாட்டுச் சட்ட நூலிலும் காண்பது அரிது.

பொருளைக் காக்கும் மனிதர்களைப் பற்றியும் அக்காலத்தார் கவலை கொண்டிருந்தனர். தஞ்சைக் கோயிலுக்குப் பண்டாரிகளையும் கணக்கர்களையும் அனுப்ப வேண்டிய பொறுப்பு குறிப்பிட்ட ஊர்களின் மீது சுமத்தப்பட்டது. பண்டாரியாக வருபவர் நிலமும் உறவும் பொருளும் உடையவராக இருத்தல் வேண்டும் என்பது கட்டளை. இதனைச் செல்வர்களுக்கு அளித்த சலுகை என்று கொள்ளுதல் பிழையாகும். குறைவு நேர்ந்தால் அவருடைய நிலத்திலிருந்தேனும் கோயில் அதனை மீட்டுக்கொள்ளலாம் என்பதே உட்கருத்து எனக் கொள்வது பொருந்தும்.

கடல் கடந்த முருகன் பணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்மவர் இந்நாடுகளுக்கு வந்தபோது நிலைமை வேறு. அரசன் இல்லை, ஊர்ச் சபை இல்லை, இறையிலி நிலமும் இல்லை. இருந்தவை கூலியாட்களின் சில்லறையும் வணிகர்களின் ஈகையுமே. பினாங்கில் குயின் தெரு மாரியம்மன் ஆலயத்திற்கான நிலம் 1801-இல் வழங்கப்பட்டது. இராபிள்சுடன் 1819-இல் சிங்கப்பூருக்கு வந்த நாராயண பிள்ளை அவர்கள் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1823-இல் நிலம் பெற்று, 1827-இல் மரமும் அத்தாப்பும் கொண்டு மாரியம்மன் ஆலயத்தை எழுப்பினார். சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாள் ஆலயம் அமைந்துள்ள இடம் 1851-இல் கிழக்கிந்தியக் கும்பினியாரிடமிருந்து 26 ரூபாய் 8 அணாவுக்கு வாங்கப்பட்டது. இரண்டு ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அது! நம் முன்னோர் செய்த முதலீடுகளுள் இதற்கு நிகரானது வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

நிதியை ஒழுங்காகப் பெருக்கும் கலையில் அக்காலத்தில் முன்னின்றவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார் ஆவர். அவர்கள் பினாங்கில் 1857-இலும், சிங்கப்பூர் டாங்க் சாலையில் 1859-இலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினர். ஒவ்வொரு கடையும் தன் வணிகத்தின் அளவுக்கேற்ப ‘மகமை’ என்னும் பங்கைக் கோயிலுக்கு ஒதுக்கியது. இது மனம்போல் இடும் காணிக்கையன்று. பேரேட்டில் ஏறும் கடமை. இவ்வாறு திரண்ட பணமும் தூங்கவில்லை. அது நகரத்தார் கடைகளிலேயே வட்டிக்கு விடப்பட்டது. ஆண்டவன் பெயரில் கணக்கு, ஆண்டவனுக்கு வட்டி. கடை நடத்துபவர் தம் சொந்த முதலை இழக்க நேர்ந்தாலும் முருகன் பணத்தில் கை வைக்க அஞ்சினார். அவ்வச்சம் எந்தத் தணிக்கையாளரையும் விட வலிய காவலாக இருந்தது எனலாம்.

இரங்கூன் மொகல் தெருவில் இருந்த நகரத்தார் கோயிலில், தமிழ் மாதம் 16-ஆம் நாள் மாலையில் வணிகர்கள் கூடி அந்த மாதத்திற்குரிய நடப்பு வட்டியை முடிவு செய்தனர் என்று 1929–30-இல் விசாரணை நடத்திய பர்மா வங்கித்துறைக் குழு பதிவு செய்துள்ளது. சந்நிதியில் சொன்ன வட்டியை மறுநாள் கடையில் மறுக்க இயலாது. பினாங்கு நகரத்தார் 1894-இல் செய்வித்த வெள்ளித் தேர் தைப்பூசத்தில் பவனி வருவதைக் காண்போர் அதன் வேலைப்பாட்டைப் போற்றுகின்றனர். அத்தேருக்குப் பின்னால் இருந்த பேரேடுகளும் போற்றத்தக்கவையே.

ஆயினும் இம்முறையிலும் ஒரு குறை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. கோயிலின் பணமும் கொடுத்தவர்களின் பணமும் ஒரே தொழிலில், ஒரே சமூகத்தாரின் கைகளில் இருந்தன. 1930-ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் விலைகள் வீழ்ந்தபோது, பர்மாவில் கடன் வாங்கியிருந்த உழவர்களால் பணம் செலுத்த இயலவில்லை. ஈடாக வைத்திருந்த நிலங்கள் செட்டியார்களின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் அவர்களிடம் இருந்த நிலம் 6 விழுக்காடு. 1937-இல் அது 25 விழுக்காடு. வெளிப்பார்வைக்கு இது செல்வம் பெருகியதாகத் தோன்றும். உண்மையில் அது, திரும்பி வராத பணம் வயலாக உறைந்து போனதேயாகும். 1942-இல் சப்பானியர் படையெடுப்பில் பலர் எல்லாவற்றையும் விட்டு ஓடினர். 1948-க்குப் பின் அந்நாட்டு அரசு நிலங்களைத் தேசியமயமாக்கியது. தஞ்சையார் பல ஊர்களில் பிரித்து வைத்ததன் அருமை இவ்விடத்தில் விளங்கும்.

1905-ஆம் ஆண்டுச் சட்டம்

நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் ஆங்கிலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அச்சட்டத்தின்படி பொது அறத்திற்கு ஈந்த பொருளுக்குக் கால எல்லை கிடையாது. குடும்பத்தாரின் தனி வழிபாட்டிற்கு என்றென்றைக்குமாக எழுதி வைத்த பொருள் செல்லாது. பினாங்கிலிருந்து இலண்டன் பிரிவியூ கவுன்சில் வரை சென்ற சீனக் குடும்பம் ஒன்றின் வழக்கில் 1875-இல் இவ்வாறு தீர்ப்பாயிற்று. எனவே ஒரு கோயில் பொதுக் கோயிலா, ஒரு குடும்பத்தாரின் கோயிலா என்னும் கேள்வி வெறும் மரியாதைப் பிரச்சினையாக இல்லாமல், சொத்தின் உயிர்ப் பிரச்சினையாயிற்று.

நிலத்தை வாங்கியவர் தம் பெயரிலேயே பத்திரம் எழுதிக்கொள்வார். அவர் மறைந்ததும் பிள்ளைகள் அதனைத் தம் சொத்து என்பர். வாடகை வரும், கணக்கு வராது. இந்துக்களிடையே மட்டுமன்றி முசுலிம்களின் வக்பு சொத்துகளிலும் இதே நிலை. ஆகவே 1905-இல் முசுலிம், இந்து அறக்கட்டளைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. நிருவாகம் சீர்கெட்ட அறச் சொத்துகளை வாரியத்தின் பொறுப்பில் கொண்டுவர ஆளுநருக்கு அது அதிகாரம் அளித்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாரியங்கள் அமைந்தன. நம் கோயிலை அந்நிய அரசின் அதிகாரி மேற்பார்வையிடுவதா என்று வருந்தியோர் அன்று இருந்திருக்கலாம். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆயினும் வரவும் செலவும் ஆண்டுதோறும் எழுதப்பட்டு வெளியாரால் சரிபார்க்கப்பட வேண்டும் என்னும் பழக்கம் நம் ஆலயங்களுள் பலவற்றில் அந்த வாரியங்களின் வழியாகவே வேரூன்றியது.

சிங்கப்பூரில் முசுலிம் சொத்துகள் தனிச் சட்டத்தின் கீழ்ப் பிரிந்த பின்னர், 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்து அறக்கட்டளை வாரியம் தனியே உருவாகி, 1969-இல் செயல்படத் தொடங்கியது. மாரியம்மன், சிவன், சீனிவாசப் பெருமாள், வைரவிமட காளியம்மன் ஆகிய நான்கு ஆலயங்கள் அதன் பொறுப்பில் உள்ளன. பினாங்கு இந்து அறப்பணி வாரியமும் இன்றளவும் இயங்கி வருகின்றது. மலேசியாவின் ஏனைய ஆலயங்களுள் பெரும்பாலானவை 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவை. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் கணக்கறிக்கை சங்கப் பதிவதிகாரிக்குச் சென்று சேர வேண்டும். இதனைத் தொல்லை என்று கருதும் பொருளாளர்கள் உளர். 1905-க்கு முந்தைய கதையை அவர்கள் அறிந்தால் அவ்வாறு கருத மாட்டார்கள்.

நிலமும் ஏமாற்றிய காலம்

வைப்புப் பணத்தை நம்பாதோர் நிலத்தை நம்பினர். ‘மண்ணில் போட்டால் மறையாது’ என்பது நம்மவர் எண்ணம். கடைவீடுகளை வாங்கி ஆலயத்திற்கு எழுதி வைத்தனர். வாடகையில் பூசை நடக்கும் என்பது ஏற்பாடு. போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியதால் அரசுகள் வாடகையைக் கட்டுப்படுத்தின. சிங்கப்பூரில் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை 1939 ஆகஸ்டு மாத அளவில் நிறுத்தியது. மலேசியாவில் 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948 பிப்ரவரிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களைத் தழுவியது. ஏழைக் குடியிருப்போருக்கு அது நிழல் தந்தது என்பதை மறுக்கவியலாது. ஆனால் அறக்கட்டளைகளுக்கு அது நீண்ட வறட்சி. பூவின் விலையும் எண்ணெயின் விலையும் ஏறின, வாடகை ஏறவில்லை. ஓட்டை மாற்றவும் அவ்வாடகை போதவில்லை. மலேசியாவில் 2000 சனவரி முதல் நாளிலும், சிங்கப்பூரில் 2001 ஏப்ரல் முதல் நாளிலும் இக்கட்டுப்பாடு நீங்கியது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் எத்தனை கட்டளைகள் பெயரளவில் நின்றன என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நிலமே கைவிட்டுப் போனதும் உண்டு. ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த சிவன் ஆலயத்தின் இடம் 1983-இல் விரைவு ரயில் பணிக்காக எடுக்கப்பட்டது. மூர்த்திகள் சிராங்கூன் சாலைப் பெருமாள் ஆலயத்தின் அருகில் தற்காலிகமாக எழுந்தருளியிருந்து, 1993-இல் கேலாங் ஈஸ்ட் பகுதியில் புதிய ஆலயம் கண்டனர். அக்காலத்து நில எடுப்புச் சட்டம் இழப்பீட்டின் உச்ச அளவை 1973 நவம்பர் 30-ஆம் நாள் நிலவிய சந்தை மதிப்பில் நிறுத்தி வைத்திருந்தது. பத்தாண்டுகளில் நகரம் வளர்ந்திருந்தது, கணக்கு வளரவில்லை.

தோட்டப்புறக் கோயில்களின் நிலை இதனினும் கவலைக்குரியது. சம்பள நாளில் ஒவ்வொரு குடும்பமும் கோயிலுக்கென ஒரு தொகையை ஒதுக்கியது. அப்பணத்தில் கற்கோயிலும் எழும்பிற்று. ஆனால் கோயில் நின்ற நிலம் தோட்ட நிறுவனத்தாருடையது. பட்டா கோயிலுக்கு இல்லை. 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதும், பின்னர் அவை வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோதும், மூன்று தலைமுறையின் சேமிப்பு பிறர் நிலத்தின் மேல் நிற்பது தெரிய வந்தது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி பெற்றுத் தோட்டங்களையே வாங்க முற்பட்டது இத்துயரின் பின்னணியில்தான். கோபுரத்திற்கு முன் பட்டா என்னும் வரிசையை அன்றே பின்பற்றியிருந்தால் பின்னாளில் பல போராட்டங்களுக்கு இடமின்றிப் போயிருக்கும்.

காகிதமான பணம்

ரொக்கத்தை நம்பியவர்களுக்கும் அடி விழுந்தது. சப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, வாழைமரம் அச்சிட்ட நோட்டுகள் புழங்கின. வெள்ளையர் திரும்பி வந்த நாளில் அவை வெறும் காகிதமாயின. அந்நோட்டுகளை உண்டியலில் பத்திரமாகச் சேர்த்து வைத்த சிக்கனமே அன்று இழப்பாயிற்று. போருக்கு முன் வாங்கிய கடனை மதிப்பற்ற நோட்டுகளால் அடைத்தோர் பலர் இருந்தமையால், 1948-இல் மலாயாவில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1943-ஆம் ஆண்டின் இறுதிக்குப் பின் சப்பானிய நோட்டில் செலுத்தப்பட்ட கடன்களுக்கு அட்டவணைப்படி மறுமதிப்பீடு செய்யப்பட்டது.

மற்றோர் அடி அமைதிக் காலத்திலேயே விழுந்தது. 1980-களின் முற்பகுதியில் மலேசியாவில் சில கூட்டுறவு நிறுவனங்கள் வங்கிகளை விட அதிக வட்டி தருவதாகக் கூறிப் பணம் திரட்டின. 1986-இல் அவற்றுள் 24 நிறுவனங்களின் செயற்பாட்டை அரசு முடக்கியது. இலட்சக்கணக்கானோரின் சேமிப்பு அதில் சிக்கியது. பிறருடைய பணத்தைக் காப்பவர், ‘ஏன் இவர் மட்டும் அதிகம் தருகின்றார்?’ என்று கேளாமல் கையொப்பம் இடுதல் ஆகாது. இன்று மலேசியாவில் வைப்புத் தொகைக் காப்புறுதி ஒரு வங்கிக்கு ஒரு வைப்பாளருக்கு 250,000 வெள்ளி வரை உள்ளது. சிங்கப்பூரில் இவ்வரம்பு 2024 ஏப்ரல் முதல் 100,000 வெள்ளி. இதற்கு மேற்பட்ட தொகையை ஒரே வங்கியில் வைத்திருக்கும் ஆலயம் எஞ்சிய பகுதிக்குக் காப்பின்றியே இருக்கின்றது. வங்கிகள் எளிதில் கவிழ்வதில்லை என்பது உண்மையே. ஆயினும் இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்து வைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை.

அறங்காவலர் பணத்தை எதில் முதலிடலாம் என்பதிலும் சட்டம் மெல்ல மெல்ல மாறி வந்துள்ளது. இங்கிலாந்தில் 1720-இல் தென்கடல் கும்பினியின் பங்குகள் சரிந்து பலர் அழிந்த பின்னர், நீதிமன்றங்கள் அறங்காவலரை அரசுக் கடன் பத்திரங்களுக்குள் அடக்கி வைத்தன. அம்மரபில் வந்ததே மலேசியாவின் 1949-ஆம் ஆண்டு அறங்காவலர் சட்டம். பத்திரத்தில் வேறு அனுமதி இல்லையெனில், சட்டம் ஏற்ற முதலீடுகளுக்குள்ளேயே அறங்காவலர் நிற்க வேண்டும். சிங்கப்பூர் 2004-இல் செய்த திருத்தத்தின் வழி இவ்வேலியை அகற்றி, வேறு கடமைகளை வைத்தது. முதலீடு அந்த அறத்திற்குப் பொருத்தமானதா, ஒன்றிலேயே குவியாமல் பிரிக்கப்பட்டுள்ளதா, தகுந்தவரிடம் ஆலோசனை பெறப்பட்டதா என்று அறங்காவலர் பார்த்தல் வேண்டும். சுதந்திரம் கூடியது, பொறுப்பும் கூடியது. கணக்கறிந்தோர் இல்லாத சிறிய நிருவாகங்களுக்குப் பழைய வேலியே பாதுகாப்பு என்று கூறுவதில் தவறில்லை.

ஆயிரம் வெள்ளியின் கணக்கு

தொடக்கத்தில் கூறிய உபயதாரரின் ஆயிரம் வெள்ளிக்குத் திரும்புவோம். வங்கியில் 5 விழுக்காடு வட்டி கிடைப்பதாகவும், விலைவாசி ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறுவதாகவும் வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 50 வெள்ளி. அதில் 50 வெள்ளி உபயம் நடக்கின்றது; அன்பர் மனநிறைவோடு செல்கின்றார். 24 ஆண்டுகளில் அதே உபயத்தின் செலவு ஏறக்குறைய 100 வெள்ளி ஆகியிருக்கும். வட்டியோ இன்னும் 50-தான். முதல் ஒரு காசும் குறையவில்லை என்று கணக்கறிக்கை கூறும். அபிடேகத்தில் பாதி குறைந்திருக்கும்.

மாறாக, முதலாண்டு 20 வெள்ளிக்கு மட்டும் செலவு செய்து 30 வெள்ளியை முதலோடு சேர்த்தால் என்ன நிகழும்? ஒவ்வோர் ஆண்டும் இவ்வாறே வட்டியில் ஐந்தில் மூன்று பங்கை முதலில் சேர்த்து வந்தால், 24 ஆண்டுகளில் முதல் 2,000 வெள்ளியைச் சற்றே கடந்திருக்கும். அப்போது செலவிடத்தக்கது 40 வெள்ளி. விலைவாசி இரட்டித்தபோது உபயமும் இரட்டித்து, முதலாண்டின் அளவிலேயே நிற்கும். ஆடுகள் குட்டி ஈன்று இறந்தவற்றின் இடத்தை நிரப்பியதும் இவ்வாறே. ஆகவே 50 வெள்ளி உபயம் என்றென்றும் நடக்க வேண்டுமெனில் இக்கணக்கின்படி வேண்டுவது 2,500 வெள்ளி. ஆயிரம் வெள்ளியோடு வரும் அன்பரிடம் இதனைக் கூறுவது எந்தச் செயலாளருக்கும் கடினமே. கூறாமல் வாங்கி வைத்துவிட்டு, அவருடைய பேரன் வந்து கேட்கும் நாளில் விழிப்பது அதனினும் கடினம்.

சேர்த்துக்கொண்டே போவதும் அறமாகாது என்பதை 2005-இல் சிங்கப்பூர் கண்டது. அங்கே பெரிய அறநிறுவனம் ஒன்றின் கையிருப்பு பொதுமக்களுக்குச் சொல்லப்பட்டதை விடப் பல மடங்கு ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருந்தது வெளிவந்தபோது, சிறுதொகை கொடுத்துவந்த எளியோர் கொதித்தெழுந்தனர். அதன் பின்னர் 2007-இல் அறநிறுவன மன்றம் அமைந்து, நல்லாட்சி நெறிமுறைகளும் வெளியாயின. கையிருப்பு எதற்காக, எவ்வளவு என்பதை அறநிறுவனம் கொடுத்தவர்களுக்கு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கோடி வெள்ளியில் கோபுரம் எழுப்பிவிட்டுத் தேவார வகுப்பு ஆசிரியருக்கு ஊதியம் தர இயலாத ஆலயமும், வைப்புத் தொகை வளர்வதைக் கண்டு மகிழ்ந்துகொண்டே ஒழுகும் மண்டபத்தைச் செப்பனிடாத ஆலயமும் ஒரே பிழையின் இரு பக்கங்களில் நிற்கின்றன.

இறுதியாக, ஒரு நோக்கத்திற்கு ஈந்த பணத்தை மற்றொன்றுக்கு எடுத்தாளும் பழக்கம் பற்றியும் ஒரு சொல். கும்பாபிடேகத்திற்குத் திரட்டியதில் எஞ்சியதை அன்னதானத்திற்கு மாற்றுவது எவருக்கும் தீங்காகத் தோன்றாது. ஆயினும் சட்டத்தின் பார்வையில் அது கொடுத்தவரின் நோக்கத்தை மாற்றுவதாகும். பழைய நோக்கம் நிறைவேற்ற இயலாததாகி விட்டால், அதற்கு மிக நெருங்கிய நோக்கத்திற்கு மாற்றிக்கொள்ள நீதிமன்றத்தை நாட வழி உண்டு. மலேசியாவில் பொது அறக்கட்டளைகளின் சார்பில் அவ்வாறு வழக்காட 1956-ஆம் ஆண்டு அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அரசாங்கத் தலைமை வழக்கறிஞருக்கு இடமளிக்கின்றது. ஆனால் சிறிய ஆலயங்கள் இந்நெடிய வழியில் செல்வது அரிது. அதனால் நன்கொடைச் சீட்டிலேயே, ‘எஞ்சும் தொகை ஆலயத்தின் பொதுப் பணிகளுக்குப் பயன்படுத்தப்படும்’ என்று ஒரு வரியை முன்கூட்டியே அச்சிடும் வழக்கம் சில நிருவாகங்களில் உள்ளது. அச்சீட்டின் அடிக்கட்டையையும் அவர்கள் பத்திரப்படுத்தி வைக்கின்றனர்.